செட்டிநாட்டு வீட்டுக்குள் இரண்டாயிரம் லிட்டர் கடல்

9 ஜனவரி 2023, ஒரு வாசகரின் கேள்வி

கடல்மீன் தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு எளிது, தண்ணீர் அதிகமானால் நாம் செய்யும் தவறு அதில் கரைந்துவிடும் என்கிறார்கள். தேவகோட்டையில் பூர்விக வீடு பூட்டியே கிடக்கிறது. நடுவில் வானம் பார்த்த முற்றமான வளவிலேயே 2000 லிட்டரில் பவளத்தொட்டி ஒன்று கட்டலாம் என்று எண்ணம். யாராவது செய்திருக்கிறீர்களா?

9 ஜனவரி 2023, இரவு

செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் காகிதத்தில்தான். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் வீடு. எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்குப் பங்கு, குடியிருப்பது நானும் அப்பத்தாவும் மட்டும். அளவு 10 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம். 75 கன அடி, அதாவது 2100 லிட்டருக்குச் சற்று மேல். மேலே கொஞ்சம் இடம் விட்டால் 2000.

நீங்கள் சொன்னது சரி. 50 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்து மறைவில் கிடந்தால் மறுநாள் காலைக்குள் அம்மோனியா ஏறி மற்றதும் சாகும். 2000 லிட்டரில் அதே மீன் செத்தால் நண்டு தின்றுவிட்டுப் போகும். வெப்பம், உவர்ப்பு எல்லாமே மெல்லத்தான் மாறும்.

12 மி.மீ. கண்ணாடி போதும் என்று நினைக்கிறேன்.

11 ஜனவரி 2023

போதாது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எழுதியிருக்க வேண்டும். இரண்டரை அடி உயரத் தண்ணீர், பத்தடி நீளக் கண்ணாடி: நடுவில் வயிறு தள்ளும். 19 மி.மீ., மேலே சுற்றிலும் பட்டை. கண்ணாடி மட்டும் 400 கிலோ வருகிறது. கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல், ஆக 2050 கிலோ. பாறை, மணல், தாங்கி எல்லாம் சேர்த்தால் இரண்டே முக்கால் டன்னுக்குக் குறையாது.

12 ஜனவரி 2023

வளவு வேண்டாம். நானும் முதலில் அங்கேதான் பார்த்தேன். தூணுக்குத் தூண் நீலம் தெரியும் என்று கற்பனை எல்லாம் ஓடியது. உச்சி வெயில் நேராக இறங்கும், பாசி மண்டும், தண்ணீர் கொதிக்கும். ஐப்பசி மழை நேராகத் தொட்டியில் கொட்டி உவர்ப்பைக் கெடுக்கும். காக்கை வேறு.

பெரியப்பச்சி (பெரியப்பா) மதுரையிலிருந்து தொலைபேசியில் கேட்ட ஒரே கேள்வி: "அடுத்த கல்யாணத்துக்குப் பந்தியை எங்கே போடுவது?" வளவு பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

வளவுக்கு அடுத்த பகுதியான இரண்டாம் கட்டின் கிழக்குப் பக்கம், முன்பு நெல்லும் புளியும் வைத்திருந்த சாமான் அறை என் பங்கில் வருகிறது. சுவர் கனம், மே மாதத்திலும் உள்ளே குளிர்ச்சி. அங்கேதான்.

2 பிப்ரவரி 2023

தரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் வீடுகள் தெருவிலிருந்து ஆளுயரத்துக்கு மேடை கட்டி எழுப்பியவை. மேடைக்குள் இருப்பது மண் நிரப்பு. நூறு வருடமாக இறுகியிருந்தாலும் அது மனிதர்களையும் நெல் மூட்டைகளையும் சுமந்த மண். ஓரிடத்தில் இரண்டே முக்கால் டன்னை அசையாமல் வைத்தால் ஒரு மூலை அரை அங்குலம் இறங்கினாலும் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். அதனால் கம்பி கட்டிய கான்கிரீட் பலகை, ஆறு அங்குலம்.

அதற்காகத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க வேண்டியிருந்தது. அடிக்கு அடி கல், நாற்பத்து நான்கு. கொத்தனார் சுண்ணாம்புக் காரையை ஓரமாகச் சுரண்டிச் சுரண்டி நாற்பத்தொன்றை முழுசாக எடுத்தார். உடைந்த மூன்றையும் அப்பத்தா முந்தானையில் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறது.

'சம்ப் இந்த இடத்தில் வரும்' என்று சொன்னேன், தொட்டிக்குக் கீழே வடிகட்டி வைக்கும் சின்னத் தொட்டியை மனதில் வைத்து. மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் தரைக்குள் தண்ணீர்த் தொட்டி கட்ட இரண்டடிக் குழி வெட்டியிருந்தார். அவர் மேல் என்ன தப்பு? ஊரில் சம்ப் என்றால் அதுதான்.

3 பிப்ரவரி 2023

எல்லாரும் கதவை அளந்துகொள்ளுங்கள். நம் உள்கதவு குனிந்து போகும் கதவு. ஒட்டிய தொட்டி எந்தக் காலத்திலும் நுழையாது. கண்ணாடிகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே சிலிக்கான் வைத்து ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு பக்கம் என்னவென்றால், கட்டியபின் வெளியேயும் போகாது. தொட்டி இனி வீட்டின் ஒரு சுவர்.

19 மார்ச் 2023

தூத்துக்குடி உப்பளத்தில் கல்லுப்பு மூட்டை மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் கரைத்தால் கடல்நீர்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, பதில் இல்லை என்பதுதான். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணச் சத்தும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடும். பிறகுதான் சோடியம் குளோரைடு கட்டும். மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். மூட்டையில் இருப்பது கடலின் நடுப்பகுதி மட்டும். முன்னும் பின்னும் போனதைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

அப்படிக் கூட்டிய உப்பைத்தான் தொட்டி உப்பு என்று விற்கிறார்கள். லிட்டருக்கு 36 கிராம் வீதம் 72 கிலோ தேவை. சென்னையிலிருந்து வந்து இறங்கியபோது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

தொண்டிக்குப் போய் டேங்கரில் கடல்நீரே அள்ளி வரலாமே என்றால், அதையும் யோசித்தேன். பாக் விரிகுடா ஆழமில்லாத கலங்கல் கடல். கரையோரத்தில் படகு எண்ணெய். மழை முடிந்த கையோடு உவர்ப்பும் குறைந்திருக்கும். வேண்டாம் என்று விட்டேன்.

30 மார்ச் 2023

பாறை. தொட்டிக்குள் வைக்கும் பவளப் பாறையை மன்னார் வளைகுடாவிலிருந்து 'நமக்குத் தெரிந்த ஆள்' எடுத்துத் தருவார் என்று எனக்கே இரண்டு பேர் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். கல் பவளம், கரும்பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன இடமோ அதே இடம். செத்த பவளம்தானே என்றும் சொல்ல முடியாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அங்கே இருபத்தொரு தீவுகள். தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அந்தப் பாறையைக் கொண்டுவந்து விளக்குப் போட்டு ரசிக்க எனக்கு மனமில்லை.

சுண்ணாம்பால் கூடு கட்டும் கல் பவளமே வேண்டாம் என்று முடிவு. மென் பவளம் மட்டும், அதையும் ரசீதோடு. பாறையை நாமே செய்யலாம்: சிமெண்ட், நொறுக்கிய கிளிஞ்சல், கல்லுப்பு. இறுகியபின் தண்ணீரில் போட்டால் உப்புக் கரைந்து ஓட்டை ஓட்டையாக வரும். ஆத்தங்குடியில் கல் போடும் தொழிலாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவுகிறார். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி மேல் ஊற்றி வழவழப்பாகக் கல் எடுத்தவர். அசிங்கமாகச் செய்யுங்கள் என்றால் கை வரவில்லை. முதல் பாறைக்குப் பூ வேலைப்பாடு வைத்துவிட்டார். அது தொட்டியின் பின்புறத்தில் இருக்கிறது.

21 ஜூன் 2023

சிமெண்ட் பாறை பதினோரு வாரமாக ஊறுகிறது. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். காரம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. வேறு செய்தி இல்லை.

17 ஆகஸ்ட் 2023

தண்ணீர் நிரப்பியாயிற்று. கண்ணாடியில் முகம் பதித்தாற்போல நின்று பார்த்தேன், ஒரு மணி நேரம், வெறும் தண்ணீரையும் கல்லையும். அம்மோனியா, பிறகு நைட்ரைட், பிறகு நைட்ரேட் என்று நுண்ணுயிர்கள் கைமாற்றிப் பழக ஐந்து வாரமாவது ஆகும். அதுவரை மீன் கிடையாது. அப்பத்தா தினமும் காலையில் வந்து "இன்னும் வரவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறது, சம்பந்தி வீட்டாரை எதிர்பார்ப்பதுபோல.

20 அக்டோபர் 2023

கோமாளி மீன் ஆறு. ஆறும் பண்ணையில் பொரித்தவை. கடலில் பிடித்தது வேண்டாம் என்று கேட்டு வாங்கினேன். அந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் வேலையில் மண்டபத்து மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் நிறையச் செய்திருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தை 1929-இல் நிறுவியவர் எங்கள் ஊர்க்காரர் என்பதை இங்கே இடம் கிடைத்தது என்று சொல்லிவைக்கிறேன்.

ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீர் ஊற்றுவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். நிறுத்துங்கள்! ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே இருக்கும். நன்னீர்தான் ஊற்ற வேண்டும்.

எனக்கு அந்த நன்னீர் இனி கவலையில்லை. வளவின் நான்கு மூலையிலும் தாரை வைத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடிக்கும் வழக்கம் வீட்டில் இருந்ததே. பரணிலிருந்து பெரிய செம்பு அண்டா இரண்டை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாயிற்று. ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் கொடுத்து மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. மழைநீர் இருக்கும்போது அது எதற்கு?

14 ஜனவரி 2024

நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுகின்றன. முப்பது விட்டேன், பதினொன்று மிச்சம். இறால் நான்கும் இல்லை. உவர்ப்பு சரி, வெப்பம் 26 பாகை, அம்மோனியா பூஜ்யம். மீன்கள் மட்டும் மாப்பிள்ளை போல உலாவுகின்றன. புது உப்பு மூட்டை சரியில்லையோ?

16 ஜனவரி 2024

உப்பு இல்லை.

நேற்று மாலை அண்டாவில் சொம்பை விட்டு மொண்டேன். விளிம்புக்குக் கீழே, தண்ணீர் ஏறி இறங்கிய இடத்தில், மயில்துத்த நிறத்தில் ஒரு கோடு. விரலால் தடவினால் ஒட்டியது. உள்ளே ஈயப்பூச்சு இருந்திருக்கிறது ஒரு காலத்தில். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. மிச்சத்தை நானே புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன், நினைவிருக்கிறதா? சற்றே புளித்த மழைநீர், பூச்சில்லாத செம்பு, ஊறியது இரண்டு மாதம்.

மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்புச் சத்துள்ள மருந்தைத்தான் தனித் தொட்டியில் போடுவோம். அதே செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே எமன். மீன்கள் ஏன் மாப்பிள்ளை போல உலாவின என்பது இப்போது புரிகிறது. அவற்றுக்கு இலவச வைத்தியம் நடந்திருக்கிறது.

18 ஜனவரி 2024

சென்ற வருடம் இதே மாதம் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பெரிய தண்ணீரில் தவறு கரைந்துவிடும் என்று ஆமோதித்திருக்கிறேன். கரைந்துதான் விட்டது, அதுதான் சிக்கல். சின்னத் தொட்டியாக இருந்தால் முதல் வாரமே எல்லாம் செத்து, அண்டாவைச் சந்தேகித்திருப்பேன். இங்கே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இரண்டு மாதம் ஒளிந்திருந்தது. சின்னத் தொட்டி என்றால் ஒரு மத்தியானத்தில் முழுத் தண்ணீரையும் மாற்றிவிடலாம். இங்கே பத்தில் ஒரு பங்கு மாற்றுவதே 200 லிட்டர், ஏழு கிலோ உப்பு. செம்பை உறிஞ்சும் பிசினை வடிகட்டியில் போட்டு, வாரம் 200 லிட்டராக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆர்.ஓ.வைத் திட்டியதைத் திரும்பப் பெறுகிறேன். கழிவு நீர் தென்னைக்குப் போகிறது.

அண்டாவைப் பரணில் ஏற்ற அப்பத்தா விடவில்லை. ஈயம் பூசுகிறவனைக் கூப்பிடு என்கிறது. இப்போது யார் வருகிறார்கள் ஈயம் பூச?

9 மே 2024

வெளியே 40 பாகை. குளிர்விக்கும் இயந்திரம் வாங்கவில்லை. அது தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அதே அறையில்தான் கக்கும். நீர்ப்பரப்பின் மேல் நான்கு மின்விசிறி. ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. நாளுக்கு 35 லிட்டர் போகிறது, தண்ணீர் 27-இல் நிற்கிறது. மண்பானை செய்வதும் இதையேதான்.

ஆனால் அந்த 35 லிட்டர் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. முட்டை வெண்கரு போட்டு இழைத்த சுவர், நூறு வருடம் கண்ணாடி போல மின்னியது, தொட்டிக்குப் பின்னால் ஒரு முழத்துக்கு உப்பிக்கொண்டு நிற்கிறது. கதவு நிலையின் தேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கீலுக்கு ஆகிவிட்டது. ஓரக் கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. உப்பு உலோகத்தைத் தின்பதை ஆராயும் மத்திய மின்வேதியியல் நிலையமே காரைக்குடியில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் இரும்புத் தாங்கி வாங்கப் போனேன். வண்ணம் அடித்தால் போதும் என்று நினைத்தேன்.

இப்போது காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று சன்னலில். பெரியப்பச்சிக்கு இந்தச் சுவர் விஷயம் தெரியாது. இதைப் படிக்கும் உறவினர்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

12 மே 2024

தொட்டிக்குச் சுண்ணச் சத்து ஏற்ற விடுவது சுண்ணாம்புத் தண்ணீரா என்று கேட்டவருக்கு. ஆமாம், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர்தான், வெளிநாட்டுப் பெயர் சொல்லி விற்பதும் அதுவேதான். லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரையும், அதற்கு மேல் அடியில் தங்கும். சூடான தண்ணீரில் இன்னும் குறைவாகவே கரையும். இரவில் சொட்டுச் சொட்டாக விட்டால் சுண்ணச் சத்தும் காரமும் சேர்ந்து ஏறும். காளவாய்ச் சுண்ணாம்பு வேண்டாம், என்னென்ன கலந்திருக்குமோ. உணவுத் தரத்தில் வாங்குங்கள்.

டிரம்மைத் திறந்து வைத்திருந்தேன். அப்பத்தா எட்டிப் பார்த்து, "ஆடை கட்டியிருக்கிறது, மூடி வை, வீரியம் போய்விடும்" என்றது. வெற்றிலைப் பெட்டியில் அறுபது வருடம் பார்த்த கை. காற்றிலிருக்கும் கரியமில வாயு பட்டு மேலே படிவது அது. ஒவ்வொரு ஆடையும் தொட்டிக்குப் போகாத சுண்ணாம்பு.

13 மே 2024

"கல் பவளமே இல்லாத தொட்டிக்குச் சுண்ணாம்பு எதற்கு?" என்று ஒரு அன்பர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்.

இரண்டு நாளைக்கு வேண்டிய தூக்கம் போயிற்று. பாறையில் ஊதாப் பூச்சுப் போலப் படரும் பாசிக்கும் நத்தை ஓட்டுக்கும் கொஞ்சம் வேண்டும். அந்தக் கொஞ்சம், தண்ணீர் மாற்றும்போதே கிடைத்துவிடும். சுண்ணாம்பால் கட்டிய வீட்டில் சுண்ணாம்பால் ஆன கடல் என்று ஒரு மோகம், அவ்வளவுதான். குறைத்துக்கொள்கிறேன். நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை.

26 ஆகஸ்ட் 2024

நிறுத்தியிருக்க வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் தானாக நிரப்பும் மிதவையின் மேல் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்துவிட்டது. ஜூனில் புதிதாக விட்டவற்றில் ஒன்று. மிதவை கீழேயே நின்றது. தண்ணீர் குறைவு என்று நினைத்து மோட்டார் 60 லிட்டர் சுண்ணாம்புத் தண்ணீரையும் இரவோடு இரவாகத் தொட்டிக்குள் தள்ளிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் பத்தடிக்குப் பால். மீன் எங்கே, பாறை எங்கே என்று தெரியவில்லை. காரகாடி அளவு (pH) 8.2-இல் இருக்க வேண்டியது 9-ஐத் தாண்டியிருந்தது.

கரியமில வாயுதான் மாற்று. நேற்று ஞாயிற்றுக்கிழமை, எங்கே போவது? முக்குக் கடையில் வெறும் கோலி சோடா இரண்டு பெட்டி. எந்த விருந்துக்கு என்று கடைக்காரர் கேட்டார். பட்டென்று உடைத்து உடைத்து, காரகாடியைப் பார்த்துப் பார்த்து, காலை முழுக்க ஊற்றினேன். (பன்னீர் சோடா அல்ல, சர்க்கரை சேர்ந்தால் வேறு வினை.) மாலையில் பாறையின் விளிம்பு தெரிந்தது. இரவு எட்டு மணிக்குக் கோமாளி மீன்கள் ஆறையும் எண்ணிவிட்டேன்.

27 ஆகஸ்ட் 2024

நியாயமாக இதையும் எழுத வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் இது நடந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. முதல் நாள் கேள்வி கேட்டவர் சொன்னது இந்த ஒரு முறை அப்படியே பலித்தது. திடீரென்று விழும் அடியைப் பெரிய தண்ணீர் தாங்குகிறது. மெல்ல ஏறும் விஷத்தை மறைத்து வைக்கிறது. மூன்றாவதாக, நம் முதுகை அது கணக்கிலேயே எடுப்பதில்லை.

டிரம்மில் இப்போது வெறும் ஆர்.ஓ. தண்ணீர். மிதவைக்குச் சுற்றிலும் வலை.

15 செப்டம்பர் 2024

பொத்தான் பவளம் வளர்ப்பவர்கள் கவனிக்க. பாறையில் வேண்டாத இடத்தில் படர்ந்தால் கொதிநீர் ஊற்றியோ தேய்த்தோ எடுக்காதீர்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அந்த ஆவியை முகர்ந்து வீடே படுத்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. கையுறை, கண்ணாடி, கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம்.

3 நவம்பர் 2024

முதல் நாள் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "ஆக, நான் கட்டலாமா, வேண்டாமா?"

உயரம் இரண்டடிக்கு மேல் போகாதீர்கள். இரண்டரை அடித் தொட்டியை மூன்றடித் தாங்கியில் வைத்துவிட்டு, தினமும் முக்காலியில் ஏறி அக்குள் வரை நனைந்தும் தரையில் கிடக்கும் நத்தையை எட்ட முடியாமல் நிற்கிறேன். இதைவிடப் பெரிய வருத்தம் எனக்கு எதிலும் இல்லை, சுவரையும் சேர்த்து. நீளம் உங்கள் இஷ்டம். கதவை அளந்தீர்களா? வீட்டில் செம்பு எங்கெங்கே இருக்கிறது, தண்ணீர்க் குழாயையும் சேர்த்துப் பாருங்கள்.

நாளைக்கு எங்கள் பக்கம் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை. காற்று மோட்டார் இன்வெர்ட்டரில்தான் ஓட வேண்டும், பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கிறது. மிச்சத்தை நாளை மறுநாள் எழுதுகிறேன்.